முதல் ப்ராக்ஸி படுத்தால் இரண்டாவதற்கு ஃபயர்வால் தானாகத் திருப்பிவிடுமா?

திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி யூனிட்டில் சிஸ்டம் பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். ஃபயர்வால் ஒரு லினக்ஸ் பெட்டி. ஆபீஸ், கட்டிங், பேக்கிங், டாக்குமென்டேஷன் எல்லாம் ஒரே ஸ்க்விட் ப்ராக்ஸி (சிஸ்டங்களுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று பக்கங்களை எடுத்துத் தருவது) வழியாகத்தான் வெளியே போகிறது. இரண்டாவது ஸ்க்விட் ஒன்று தயாராக நிற்கிறது, ஆனால் முதலாவது படுத்தால் யாராவது போய்க் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்குள் இ-வே பில் எடுக்க முடியாமல் லோடு ஏற்றிய வண்டி கேட்டிலேயே நிற்கிறது. ஃபயர்வாலில் ஒரு டிநாட் ரூல் (பாக்கெட்டின் சேருமிட முகவரியை மாற்றும் விதி) போட்டு, முதலாவது செத்ததும் இரண்டாவதற்குத் திருப்ப முடியுமா என்பது கேள்வி.

முடியும் தம்பி. ஆனால் நீங்கள் நினைக்கும் டிநாட் வழியில் வேண்டாம். ஃபயர்வால் செய்ய வேண்டியது ஒரே வேலை: வெப் பாக்கெட்டை என்றும் மாறாத ஒரு முகவரிக்குத் தள்ளிவிடுவது. அந்த முகவரியை இப்போது எந்தப் பெட்டி வைத்திருக்க வேண்டும் என்பதை இரண்டு ப்ராக்ஸிகளும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளட்டும். திருப்பிவிடுவது சுலபம். எப்போது திருப்புவது என்று சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

முதலில் டிநாட் ஏன் சரிவராது என்று ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்ந்து பார்ப்போம். பேக்கிங்கில் இருக்கும் 192.168.10.57 என்ற சிஸ்டம் 203.0.113.80 என்ற வெப்சைட்டின் 443ஆம் போர்ட்டைக் கூப்பிடுகிறது என்று வையுங்கள். ஃபயர்வாலின் டிநாட் ரூல் சேருமிடத்தை 192.168.50.11 என்று மாற்றி ஸ்க்விட்டுக்கு அனுப்புகிறது. ஸ்க்விட் கையில் வரும்போது அந்தப் பாக்கெட்டில் ஸ்க்விட்டின் சொந்த முகவரிதான் இருக்கிறது. கவரின் மேல் இருந்த விலாசத்தை அடித்துவிட்டு நம் விலாசத்தை எழுதிக் கொடுத்த மாதிரி. உண்மையில் எங்கே போக வேண்டியது என்ற குறிப்பு ஃபயர்வாலின் கெர்னலில், அதன் கனெக்‌ஷன் டிராக்கிங் டேபிளில் இருக்கிறது. ஸ்க்விட்டோ தன் பெட்டியின் கெர்னலைத்தான் கேட்கும். அங்கே பதில் இல்லை.

பழைய ஸ்க்விட்டில் இது எப்படியோ ஓடியது, ஏனென்றால் பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் ஹெடரை (எந்த வெப்சைட் வேண்டும் என்று சொல்லும் வரி) அது அப்படியே நம்பியது. அந்த நம்பிக்கை ஒரு பாதுகாப்பு ஓட்டை என்று 2009இல் பதிவானது. 3.2 பதிப்பிலிருந்து ஹோஸ்ட் ஹெடரில் உள்ள பெயரும், பாக்கெட் முதலில் போகவிருந்த முகவரியும் பொருந்துகிறதா என்று ஸ்க்விட் சரிபார்க்கிறது. வேறு பெட்டியில் டிநாட் செய்து அனுப்பினால் லாகில் ‘ஹோஸ்ட் ஹெடர் ஃபோர்ஜரி டிடெக்டட்’ என்று வரிசையாக விழும். இல்லையென்றால் ஸ்க்விட் தன்னையே வெப்சைட் என்று நினைத்துத் தன்னிடமே கனெக்ட் ஆகிச் சுற்றிக்கொண்டிருக்கும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்து ரூல் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

டிநாட் சரியாக வேலை செய்யும் ஒரு இடமும் உண்டு. பிரவுசரிலேயே ப்ராக்ஸி முகவரி கொடுத்து, 3128ஆம் போர்ட்டுக்கு வேண்டுமென்றே பேசும் சிஸ்டங்களுக்கு எங்கே போக வேண்டும் என்பது கோரிக்கைக்குள்ளேயே இருக்கிறது. அவற்றை 192.168.50.11இலிருந்து 192.168.50.12க்கு டிநாட்டில் மாற்றிவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் இப்படி முகவரி மாற்றும் விதிகள் இருக்கும் நாட் டேபிளை ஒரு கனெக்‌ஷனின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் கெர்னல் பார்க்கும் என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே திறந்திருக்கும் கனெக்‌ஷன்கள் செத்த ப்ராக்ஸியையே தட்டிக்கொண்டிருக்கும். ரூலை மாற்றியதும் அந்தப் பழைய பதிவுகளை கான்ட்ராக் கட்டளையால் அழிக்க வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டிய முறை. இரண்டு ப்ராக்ஸிகளையும் ஆபீஸ் நெட்வொர்க்கில் வைக்காதீர்கள். ஃபயர்வாலில் இன்னொரு நெட்வொர்க் கார்டில் தனிக் கிளையாக வையுங்கள். 192.168.50.0 என்ற நெட்வொர்க், ப்ராக்ஸிகள் 11, 12. ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் ஸ்க்விட் தரும் பதில் ஃபயர்வாலைத் தொடாமல் நேராக சிஸ்டத்துக்குப் போய்விடும். ஃபயர்வால் பேச்சில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு, அடுத்த பாக்கெட்டை ‘இன்வாலிட்’ என்று தூக்கி எறியும்.

இரண்டுக்கும் பொதுவாக 192.168.50.10 என்று ஒரு மிதக்கும் ஐபி, அதாவது அந்த நேரத்தில் பொறுப்பில் இருக்கும் பெட்டி வைத்திருக்கும் முகவரி. ஃபயர்வாலின் மாங்கிள் டேபிளில் (பாக்கெட்டுக்கு அடையாளம் போடும் இடம்), ஆபீஸ் பக்கத்து இன்டர்ஃபேஸ் வழியாக வரும் வெப் பாக்கெட்டுகளுக்கு, அதாவது டிசிபி 80, 443க்குப் போகிறவற்றுக்கு, 1 என்று மார்க் போடுங்கள். அந்த மார்க் உள்ளவற்றுக்குத் தனி ரௌட்டிங் டேபிள், எண் 100. அந்த டேபிளில் ஒரே வரி: டீஃபால்ட் ரௌட், 192.168.50.10 வழியாக. பாக்கெட்டின் சேருமிட முகவரியை இங்கே யாரும் தொடவில்லை, அடுத்த கை எது என்பது மட்டும் மாறுகிறது. மார்க் போடுவது ஆபீஸ் பக்க இன்டர்ஃபேஸுக்கு மட்டும் என்பதால், ப்ராக்ஸி தானே வெளியே போகும்போது அதன் பாக்கெட் திரும்ப ப்ராக்ஸிக்கே வந்து லூப் ஆகாது.

பாக்கெட் ப்ராக்ஸி பெட்டிக்கு வந்த பிறகு, அந்தப் பெட்டியின் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் உள் ஃபயர்வால்) அதை ரீடைரக்ட் செய்து ஸ்க்விட்டின் இன்டர்செப்ட் போர்ட்டுக்கு, அதாவது பிரவுசருக்குத் தெரியாமல் இடைமறித்த பாக்கெட்டை வாங்கும் போர்ட்டுக்குக் கொடுக்கும். 80க்கு 3129, 443க்கு 3130 என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கனெக்‌ஷன் டிராக்கிங் குறிப்பு ஸ்க்விட் இருக்கும் அதே பெட்டியில் இருக்கிறது, கேட்டதும் கிடைக்கும். 3128ஐ இன்டர்செப்டுக்குப் பயன்படுத்தாதீர்கள், அது நேரடி ப்ராக்ஸிக்கு. 3129, 3130 இரண்டையும் வெளியிலிருந்து யாரும் நேராகத் தட்ட முடியாதபடி மாங்கிள் டேபிளிலேயே டிராப் செய்யுங்கள்.

இந்த இடத்தில் பலரை ராத்திரி முழுக்க உட்கார வைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. ரூல் எல்லாம் சரி, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டால் ஸ்க்விட் பதில் அனுப்புவது தெரிகிறது, ஆனால் சிஸ்டத்துக்குப் பக்கம் வரவில்லை. ஸ்க்விட் தரும் பதில் பாக்கெட்டில் அனுப்புநராக வெப்சைட்டின் முகவரிதான் இருக்கும். 203.0.113.80இலிருந்து வருவதாகச் சொல்லும் பாக்கெட் ப்ராக்ஸி கிளையிலிருந்து வருகிறதே, இது வெளியே போகும் இன்டர்நெட் லைனிலிருந்து அல்லவா வர வேண்டும் என்று ஃபயர்வாலின் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் அதைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். ப்ராக்ஸி கிளை இன்டர்ஃபேஸுக்கு அந்த மதிப்பை 1இலிருந்து 2க்கு மாற்றுங்கள், அதாவது லூஸ் மோட். முழுதாக அணைக்க வேண்டியதில்லை.

ஆபீஸிலிருந்து ப்ராக்ஸி கிளைக்குப் போகும் வழியில் மாஸ்கரேட் (அனுப்புநர் முகவரியை ஃபயர்வாலின் முகவரியாக மாற்றும் விதி) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஸ்க்விட் லாகில் எல்லாக் கோரிக்கையும் ஃபயர்வால் முகவரியிலிருந்தே வந்ததாகப் பதிவாகும். யார் எதைத் திறந்தார்கள் என்பது போய்விடும்.

மிதக்கும் ஐபிக்குக் கீப்அலைவ்டி என்ற மென்பொருள் போதும். ஐபி யாரிடம் என்று பெட்டிகள் தங்களுக்குள் அறிவித்துக்கொள்ள அது பேசும் விஆர்ஆர்பி என்ற ப்ரோட்டோகால், டிசிபியும் இல்லை யுடிபியும் இல்லை. ஐபி ப்ரோட்டோகால் எண் 112, 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகும். ப்ராக்ஸி பெட்டிகளின் உள் ஃபயர்வாலில் 112ஐத் திறக்க மறந்தால், ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காமல் இரண்டுமே நான்தான் மாஸ்டர் என்று அதே ஐபியைப் பிடித்துக்கொள்ளும். விநாடிக்கு ஒரு அறிவிப்பு என்பது இயல்பு அளவு. மூன்று அறிவிப்பு வரவில்லையென்றால், கூடவே 256இலிருந்து தன் ப்ரயாரிட்டியை (முன்னுரிமை எண்) கழித்து 256ஆல் வகுத்த அளவு காத்திருந்து, பேக்கப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பேக்கப்பின் ப்ரயாரிட்டி 130 என்றால் ஏறத்தாழ 3.5 விநாடி. பெட்டியே கரண்ட் இல்லாமல் அணைந்தால் இந்த அளவு போதும், பெரும்பாலோருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் ப்ராக்ஸிகள் அப்படிச் சாவது குறைவு. பெரும்பாலும் உயிர் இருக்கும், வேலை நடக்காது. பெருந்துறை சிப்காட் பக்கம் ஒரு யூனிட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ப்ராக்ஸி பெட்டிக்குப் பிங் போகிறது, 3128 திறந்திருக்கிறது, ஸ்க்விட் ப்ராசஸ் ஓடுகிறது. ஆனால் அந்தப் பெட்டி நம்பியிருந்த டிஎன்எஸ் ரிசால்வர் (வெப்சைட் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) நின்றுபோயிருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 503 பிழைப் பக்கம்தான். அங்கே வைத்திருந்த மானிட்டர் பிங்கை மட்டும் பார்த்து எல்லாம் பச்சை என்று காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே நல்ல ப்ராக்ஸி ஒன்று வேலையில்லாமல் நிற்க, அக்கவுன்ட்ஸ் ஆட்கள் ஜிஎஸ்டி போர்ட்டல் திறக்கவில்லை என்று தவித்தார்கள்.

ஆகவே செக் ஸ்கிரிப்ட் பிங் பார்க்கக் கூடாது, போர்ட்டையும் பார்க்கக் கூடாது. தன் பெட்டியின் 3128 வழியாகவே கர்ல் கட்டளையால் ஒரு உண்மையான பக்கத்தை எடுத்து வர வேண்டும், 200 அல்லது 204 என்ற வெற்றிக் குறியீடு வந்தால் மட்டும் நலம். ஒரே வெப்சைட்டை நம்பாதீர்கள். சம்பந்தமில்லாத இரண்டு சைட்டை வைத்து, இரண்டும் தோற்றால்தான் தோல்வி என்று எழுதுங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவரின் சைட் படுத்ததற்கு உங்கள் ப்ராக்ஸி மாறும். 4 விநாடிக்கு ஒரு முறை, இரண்டு சைட்டுக்கும் சேர்த்து 3 விநாடிக்குள் பதில் வர வேண்டும், தொடர்ந்து 3 முறை தோற்றால் மாற்று. இதோடு விஆர்ஆர்பியின் 3.5 விநாடியையும் சேர்த்தால், ப்ராக்ஸி திணறத் தொடங்கியதிலிருந்து சுமார் 15, 16 விநாடியில் இரண்டாவது ஏற்றுக்கொள்ளும்.

இப்போது ஒரு கேள்வி வரும். வெளியே ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுந்துவிட்டது, இரண்டு ப்ராக்ஸியின் செக்கும் தோற்கிறது. என்ன ஆகும்? செக் ஸ்கிரிப்டுக்கு வெயிட் (தோற்றால் ப்ரயாரிட்டியில் கழிக்க வேண்டிய எண்) எதுவும் கொடுக்காமல் விட்டால், தோற்ற உடனே கீப்அலைவ்டி அந்தப் பெட்டியை ஃபால்ட் நிலைக்குத் தள்ளும். இரண்டும் ஃபால்ட் ஆனால் மிதக்கும் ஐபியை வைத்திருக்க ஆளே இல்லை. அதனால் வெயிட் கொடுங்கள். முதலாவதுக்கு ப்ரயாரிட்டி 150, இரண்டாவதுக்கு 130, செக் தோற்றால் மைனஸ் 40. முதலாவது மட்டும் தோற்றால் 110 ஆகி 130க்குக் கீழே போகும், ஐபி மாறும். இரண்டும் தோற்றால் 110, 90. அப்போது ஐபி முதலாவதிடமே இருக்கும், லைன் வந்ததும் வேலை தொடரும்.

வெயிட் முறையில் போகும்போது நோப்ரீயெம்ப்ட் என்ற வரியைச் சேர்க்காதீர்கள். திரும்பத் திரும்ப மாறாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் நிறைய பேர் சேர்க்கிறார்கள். அது இருந்தால், மாஸ்டர் தன்னைவிடக் குறைந்த ப்ரயாரிட்டியை அறிவித்தாலும் பேக்கப் அதை ஏற்றுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். மாற்றமே நடக்காது. அடிக்கடி மாறி மாறி ஆடுவதைத் தடுக்க வேறு வழி இருக்கிறது: செக் ஸ்கிரிப்டின் ரைஸ் எண்ணிக்கையை 30 ஆக்குங்கள். 4 விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில், முதலாவது தொடர்ந்து 2 நிமிடம் நலமாக இருந்தால்தான் ஐபி அதனிடம் திரும்பும்.

ஐபி மாறும் அந்த நொடியில் திறந்திருந்த கனெக்‌ஷன்கள் அறுந்துபோகும். இரண்டாவது ப்ராக்ஸிக்கு அந்தப் பேச்சு தெரியாது, ரீசெட் அனுப்பும். சாதாரணப் பக்கங்களை பிரவுசர் தானே மறுபடி எடுத்துக்கொள்ளும். துணி வாங்கும் பையரின் போர்ட்டலில் பெரிய ஃபைல் ஏற்றிக்கொண்டிருந்தவர் மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். இதற்கு எளிய மருந்து கிடையாது, ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான்.

இரண்டு ப்ராக்ஸியும் ஒரே சமயத்தில் படுத்தால் என்ன என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது, முதலாளியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டேபிள் 100இன் வழி செத்தாலும் ஃபயர்வால் தானாக நேர் வழிக்குப் போகாது, பாக்கெட் அப்படியே நிற்கும். திறக்க வேண்டுமானால் ஃபயர்வாலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அந்த மார்க் விதியை எடுத்துவிட வேண்டும். என் அபிப்பிராயம், எல்லோருக்கும் திறக்க வேண்டாம். அக்கவுன்ட்ஸ், டாக்குமென்டேஷன் இரண்டு செக்‌ஷனின் சிஸ்டங்களை மட்டும் ஒரு ஐபி செட்டில் வைத்து, அவற்றுக்கு மட்டும் நேர் வழி கொடுங்கள். இ-வே பில், ஷிப்பிங் பில், பேங்க் மூன்றும் நடந்தால் அன்றைய வண்டி கிளம்பிவிடும். இணையதளப் பெயர் வைத்துத் திறக்கப் பார்க்காதீர்கள், அவற்றின் முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

443 பற்றி ஒரு வார்த்தை. ஸ்க்விட்டில் பீக், ஸ்ப்ளைஸ் முறையில் போங்கள். டிஎல்எஸ் தொடக்கத்தில் வரும் எஸ்என்ஐ என்ற வெப்சைட் பெயரைப் பார்த்து அனுமதிப்பதா தடுப்பதா என்று முடிவெடுத்துவிட்டு, உள்ளடக்கத்தைத் திறக்காமல் விட்டுவிடும். திறந்து பார்க்கும் முறை பேங்க் சைட்களில் தலைவலி, ஆட்களின் அந்தரங்கத்திலும் கை வைப்பது. அப்புறம் யுடிபி 443. 2022இல் அதிகாரபூர்வத் தரநிலையாக வெளியான ஹெச்டிடிபி 3, க்விக் என்ற ப்ரோட்டோகால் வழியாக யுடிபியில் போகிறது. டிசிபிக்கு மட்டும் மார்க் போட்டால் குரோம் உங்கள் ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். யுடிபி 443ஐ ரிஜெக்ட் செய்யுங்கள், பிரவுசர் டிசிபிக்குத் திரும்பிவிடும். டிராப் செய்வதைவிட ரிஜெக்ட் நல்லது, காத்திருக்காமல் உடனே திரும்பும்.

ஆபீஸ் சிஸ்டங்கள் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால் அவற்றுக்கு இன்டர்செப்டைவிட பேக் (பிஏசி) ஃபைலே மேல், அதாவது எந்த ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் சின்ன ஃபைல். பிரவுசருக்கு முதல் ப்ராக்ஸி, இரண்டாவது ப்ராக்ஸி என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். நெட்ஸ்கேப் காலத்து, 1996ஆம் வருட உத்திதான், இன்றும் எல்லா பிரவுசரும் படிக்கும். யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்க வேண்டும் என்றாலும் இந்த வழிதான், இன்டர்செப்ட் முறையில் ப்ராக்ஸி லாகின் கேட்கவே முடியாது. ஆனால் முதல் ப்ராக்ஸி 503 கொடுத்தால் பிரவுசர் அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளும், அடுத்ததற்கு நகராது. அதனால் பேக் ஃபைலிலும் மிதக்கும் ஐபியையே முதலில் கொடுங்கள். உற்பத்தித் தளத்தில் இருக்கும் டேப்லெட், செல்போன்களுக்கு இன்டர்செப்ட் இருக்கட்டும்.

வேறு ஃபயர்வால் வைத்திருப்பவர்களுக்கும் இதே அமைப்பு பொருந்தும். மைக்ரோடிக் ரௌட்டரின் செக்-கேட்வே வசதி 10 விநாடிக்கு ஒரு பிங் அனுப்பி, இரண்டு முறை பதில் வராவிட்டால்தான் வழியை மாற்றும். பிங்கை மட்டும் நம்புவதால் முன்னே சொன்ன 503 கதையில் அது உதவாது. மிதக்கும் ஐபிக்கு ஒரு ரௌட் மட்டும் போடச் சொல்லுங்கள். சிஸ்கோ ரௌட்டர் இருந்தால் வெப் பாக்கெட்டை ப்ராக்ஸிக்குத் திருப்பும் டபிள்யூசிசிபி என்ற வசதி இருக்கிறது. ஸ்க்விட்டே 10 விநாடிக்கு ஒரு முறை நான் இருக்கிறேன் என்று யுடிபி 2048இல் சொல்லும், 30 விநாடி சத்தம் இல்லையென்றால் ரௌட்டர் அதை விலக்கிவிடும். எல்லாமே செத்தால் ரௌட்டர் நேர் வழியில் விட்டுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டு ஸ்க்விட்டின் கான்ஃபிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றொன்றுக்குக் கையால் காப்பி செய்வது நிலைக்காது, ஃபைல்களைக் காப்பி செய்யும் ஆர்சிங்க் போட்டு தானாகப் போகட்டும். லாகையும் இரண்டிலிருந்தும் ஒரே இடத்தில் சேருங்கள். 2022 ஏப்ரல் 28ஆம் தேதி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பேக்கப் ஓடிய அந்த அரை மணி நேரத்தின் லாகும் அதில் சேர்த்தி. இரண்டாவது ப்ராக்ஸி வேறு இன்டர்நெட் லைன் வழியாக வெளியே போவதாக இருந்தால், அந்த லைனின் பப்ளிக் ஐபியையும் பையரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள். பல பையர் போர்ட்டல்கள் பதிவு செய்த ஐபியை மட்டும் உள்ளே விடும். ப்ராக்ஸி அழகாக மாறியிருக்கும், மெர்ச்சன்டைசருக்கு மட்டும் போர்ட்டல் திறக்காது.

இரண்டு ப்ராக்ஸியும் ஒரே சர்வரில் இரண்டு விஎம் என்றால் அது பேக்கப் இல்லை. ஒரே யுபிஎஸ், ஒரே ஸ்விட்ச் என்றாலும் அதே கதை. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். ஜெனரேட்டர் எடுக்கும் வரையில் பழைய பேட்டரி தாங்கவில்லையென்றால் இரண்டும் சேர்ந்தே விழும். ஆளுக்கொரு யுபிஎஸ் வையுங்கள்.

அமைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சோதியுங்கள். சனிக்கிழமை சம்பள நாள், மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன், அந்த நாட்களில் தொடவே வேண்டாம். மூன்று விதமாகச் சாகடித்துப் பாருங்கள்: முதலில் கேபிளைப் பிடுங்குங்கள், அடுத்து ஸ்க்விட் சர்வீஸை மட்டும் நிறுத்துங்கள், மூன்றாவதாக ஸ்க்விட் ஓடும்போதே டிஎன்எஸ் முகவரியைத் தப்பாக மாற்றிவிட்டு ரீலோட் கொடுங்கள். மூன்றாவதில் தானாக மாறினால்தான் உங்கள் செக் ஸ்கிரிப்ட் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒவ்வொரு முறையும் 192.168.10.57இலிருந்து ஒரு பக்கத்தை விநாடிக்கு ஒரு தடவை எடுத்துக்கொண்டே இருந்து, எத்தனை விநாடி வரவில்லை என்று குறித்து அனுப்புங்கள். 20 விநாடிக்கு மேல் போனால், பேக்கப்பின் கீப்அலைவ்டி லாகில் மாஸ்டர் ஆன நேரத்தைப் பாருங்கள். அங்கே சரியான நேரத்தில் மாறியிருந்தும் பக்கம் வரவில்லையென்றால், ஃபயர்வாலின் ஏஆர்பி டேபிளில் (எந்த ஐபி எந்த நெட்வொர்க் கார்டில் என்ற பட்டியல்) 192.168.50.10க்கு எதிரே இன்னும் பழைய பெட்டியின் மேக் முகவரி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.